பதினொரு நாள் காமாலை

பதினொரு நாள், நான்கு மணி நேரம், இருபது நிமிடம். அடையாறில் ஒரு தனியார் மனநல மருத்துவமனையில் நான் உள்நோயாளியாக இருந்த நேரம் அது. என்னைச் சேர்த்தது ஒரு வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு. வெளியே விட்டது அதற்குப் பிறகு வந்த இரண்டாவது திங்கட்கிழமை மதியம் ஒன்று இருபதுக்கு. அங்கே பன்னிரண்டு மணியைத் தாண்டினால் படுக்கைக்கு இன்னொரு நாள் வாடகை ஏறிவிடும். அதனால் பில்லில் பன்னிரண்டு நாள் என்று இருந்தது.

டாக்டர் என்னை அனுப்பலாம் என்று கையெழுத்துப் போட்டது காலை ஒன்பதரைக்கு. பில் தயாராக மதியம் ஆனது என் தவறு இல்லை. இதைக் கவுண்டரில் சொல்ல நினைத்தேன். சொல்ல வரவில்லை. ஒரு தாளில் நேரத்தை எல்லாம் எழுதி நீட்டினேன்.

பில் கவுண்டரில் இருந்தவர் ஜமீலுன்னிசா அக்கா. ராயப்பேட்டைக்காரர். தாளை இரண்டு முறை படித்தார்.

"பேசவே மாட்டியா நீ? லெட்டர் போட்டுத்தான் கேப்பியா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"கணக்கு கரெக்டா இருக்கு," என்று சொல்லிவிட்டுக் கணினியில் ஒரு நாளை அழித்தார். நாலாயிரத்து இருநூறு ரூபாய் குறைந்தது.

அப்பா எனக்குப் பின்னால் நின்றிருந்தார். அந்தப் பதினொரு நாளில் அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். "பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி," என்றார் அக்காவிடம். என் படிப்பை யாரும் கேட்கவில்லை.

என் பெயர் கயல். வயது இருபத்து நான்கு. தி. நகரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறேன். வீடு நொச்சிக்குப்பத்தில், அடுக்குமாடியில் மூன்றாம் மாடி. அம்மா அன்புக்கரசி லூப் ரோடு மார்க்கெட்டில் மீன் விற்கிறாள். அப்பா கதிரேசன் கடலுக்குப் போவதை விட்டுப் பதினைந்து வருடம் ஆகிறது. ஒரு கார் சர்வீஸ் கம்பெனியில் பெயிண்டர். அந்தக் கம்பெனி போட்டிருக்கும் காப்பீட்டில் வீட்டில் மூன்று பேருக்கும் இடம் உண்டு.

ஜூன் மாதம் எனக்குத் தூக்கம் நின்றது. பிறகு பசி நின்றது. லேபில் ஒரே ரத்த மாதிரிக் குப்பிக்கு மூன்று முறை லேபிள் ஒட்டினேன். ஒரு நாள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, குளிக்காமல், தண்ணீர் தீரும்வரை உட்கார்ந்திருந்தேன். அம்மா கதவை உடைக்க வைத்தாள். கடுமையான மனச்சோர்வு என்றார் டாக்டர். உள்ளே வைத்துத்தான் மருந்தைச் சரிப்படுத்த வேண்டும் என்றார்.

அன்று சாயங்காலம் அப்பா குப்பத்தில் காமாலை என்று சொன்னார்.

நல்ல பொய்தான். காமாலை என்றால் நாள் பிடிக்கும். ஆள் இளைத்துத் திரும்பினாலும் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அப்பாவுக்குக் கல்யாணக் கவலை. அதைவிடப் பெரிய கவலை வேறொன்று. குப்பத்தில் எல்லோரும் என்னை லேப் பொண்ணு என்பார்கள். சுகர் ரிப்போர்ட், பிரஷர் மாத்திரை எது என்றாலும் என்னிடம்தான் கொண்டுவந்து காட்டுவார்கள். நான் தலை நிமிராமல் பதில் சொல்வேன். அப்பா பக்கத்தில் நின்று, அவரே சொன்ன மாதிரி கேட்டுக்கொண்டிருப்பார். அந்த இடம் போய்விடக் கூடாது என்று நினைத்தார்.

நான் திரும்பி வந்தபோது வாசல் கம்பியில் ஐந்து கட்டுக் கீழாநெல்லி தொங்கியது. மறுநாள் இன்னும் மூன்று வந்தது. கீழ் வீட்டு அக்கா அரைத்துக் கொண்டுவந்து, நான் குடித்து முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

மண்ணாங்கட்டி மாமாவும் வந்தார். அம்மாவுக்கு அண்ணன். மருத்துவமனைப் பணத்தில் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் அவர் கொடுத்தது. படகுக்குப் புது எஞ்சின் வாங்க வைத்திருந்த பணம். காமாலைக்குத்தான் கொடுத்தார்.

"காச வுடு. கண்ணக் காட்டு," என்று என் கீழிமையை இழுத்துப் பார்த்தார். "எறங்கிடிச்சி. ஆனா கவுச்சி மட்டும் தொடக் கூடாது. நாப்பது நாளு."

அதுதான் கொடுமை. மீன்காரி வீட்டில் நான் நாற்பது நாள் தயிர்சோறு தின்றேன். மூன்றாம் மாடியில் மீன் வறுத்தால் கீழ் மாடிவரை வாசம் போகும். ஒரு நாள் அம்மா தாங்க முடியாமல் ஒரு சங்கரா மீனை ஆவியில் வேகவைத்து, கதவைத் தாழ் போட்டு, ஊட்டிவிட்டாள்.

"பெத்த பொண்ணுக்கு மீனு குடுக்கறதுக்குத் திருட்டுத்தனம் பண்ண வெச்சிட்டான் உங்க நைனா," என்றாள். இருவரும் சத்தமில்லாமல் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு திரும்பியிருந்தது. மருந்து வேலை செய்தது.

பணம் திரும்ப வர வேண்டும். மொத்த பில் ஒரு லட்சத்து நாற்பத்தாறாயிரத்து முந்நூறு. அந்த மருத்துவமனை காப்பீட்டு நிறுவனத்தின் பட்டியலில் இல்லை. நாம் முதலில் கட்டிவிட்டுப் பிறகு கேட்டு வாங்க வேண்டும். எப்படிக் கேட்பது என்று ஜமீலுன்னிசா அக்கா விளக்கியிருந்தார்.

"ஃபாரத்துல ரெண்டு பாகம். மொதல் பாகம் உங்க நைனா எழுதணும். ரெண்டாவது நாங்க எழுதி சீல் போடுவோம். பெட் சார்ஜ், நர்ஸ் சார்ஜ், டாக்டர் விசிட், மருந்து, லேப், எல்லாம் தனித்தனியா போட்டிருக்கேன். கவுன்சலிங் ஆறு தடவை. அதுக்குத் தர மாட்டோம்னு சொல்லிப் பாப்பாங்க. விடாத. உள்ள சேக்காமலே வைத்தியம் பாத்திருக்கலாமேன்னு கேப்பாங்க. அதுக்குத்தான் டாக்டர் தனியா ஒரு லெட்டர் குடுத்திருக்காரு. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்க. ரெண்டு பாகமும் ஒரே விஷயத்தச் சொல்லணும்."

நான் எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கி, ஒரு கோப்பில் போட்டு, அப்பாவிடம் கொடுத்தேன். முதல் பாகத்தைக் கம்பெனியில் எழுதுவார்கள்.

அப்பாவின் கம்பெனியில் இந்த வேலையைப் பார்ப்பவர் சுஹாஸ் என்ற பையன். நல்லவன்தான். கோப்பைத் திறக்காமலே, பெயிண்ட் ஷெட்டின் வாசலில் நின்று, உள்ளே பார்த்துக் கேட்டிருக்கிறான்.

"கதிரேசண்ணே, பொண்ணுக்கு இன்னா நோயினு போடறது?"

ஷெட்டில் ஒன்பது பேர் இருந்தார்கள். இரண்டு பேர் நொச்சிக்குப்பம்.

"காமாலை," என்றார் அப்பா.

சுஹாஸ் அதையே எழுதினான். அப்பா கையெழுத்துப் போட்டார். இரண்டாம் பாகத்தில் மருத்துவமனை உண்மையை எழுதியிருந்தது.

ஒரு மாதம் கழித்து காப்பீட்டு நிறுவனத்தின் விசாரணை ஆள் வந்தார். பெயர் லாரன்ஸ். நாங்கள் மூன்று பேரும் வேலைக்குப் போயிருந்த நேரம். எந்த மருத்துவமனை என்று அவர் அக்கம்பக்கத்தில் சொல்லக் கூடாது. இந்த வீட்டுப் பெண்ணுக்கு என்ன உடம்புக்கு என்று மட்டும் கேட்டார். ஏழு பேர் காமாலை என்றார்கள். மண்ணாங்கட்டி மாமா ஒரு படி மேலே போய் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னார்.

"இன்சூரன்ஸ்காரன் ஒர்த்தன் வந்தான் மச்சான். ஆஸ்பத்திரில சேக்கறதுக்கு முன்னாடியே கண்ணு ரெண்டும் மஞ்சக் கெழங்காட்டம் இருந்திச்சி, நானே பாத்தேன்னு சொல்லிட்டேன். இனிமே காசு வராம எங்க போவும்?"

அவர் அந்த நாட்களில் என்னைப் பார்க்கவே இல்லை. காசிமேட்டில் இருந்தார். எனக்காகச் சொன்னார்.

அப்பா கையில் இருந்த டீயைக் குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. நோய் பற்றிய தகவல் முரணாக உள்ளது. பாலிசிதாரரும் அக்கம்பக்கத்தினரும் காமாலை என்கிறார்கள். நோயாளியின் ரத்தப் பரிசோதனையில் பிலிருபின் 0.7. காமாலைக்கான ஆதாரம் இல்லை. பொய்யான தகவல் தந்ததால் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.

காமாலையில் ரத்தத்தில் ஏறும் பொருள் பிலிருபின். ஒன்றுக்குக் கீழ் இருந்தால் காமாலை இல்லை. தினமும் முப்பது பேருக்கு நான் பார்க்கும் பரிசோதனை. என் உடம்பு நேர்மையாக எழுதிக் கொடுத்திருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவைப் பார்த்ததும் நின்றது.

"வுட்டுடு கயலு," என்றார். "ஓவர்டைம் பாத்து ஒங்க மாமனுக்குக் குடுத்துர்றேன்."

"எத்தினி மாசம்?" என்றாள் அம்மா.

அப்பா கணக்குப் போட்டார். பாதியில் விட்டார். மாமா தன் படகைக் கரையில் ஏற்றி வைத்துவிட்டு, அடுத்தவர் படகில் பங்குக்குப் போய்க்கொண்டிருந்தார். ஐம்பத்திரண்டு வயதில். எஞ்சின் எப்போது வரும் என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை.

மறுநாள் நான் அடையாறு போனேன். கவுண்டருக்கு முன்னால் நின்றேன். தாள் எதுவும் எடுத்துப் போகவில்லை.

"அக்கா, தள்ளிட்டாங்க."

ஜமீலுன்னிசா அக்கா தலை நிமிர்ந்தார். "அட, குரல் இருக்கா உனக்கு?" என்றார். கடிதத்தை வாங்கிப் படித்தார். காமாலை என்ற இடத்தில் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"வர்றவங்கள்ல பாதிப் பேரு இப்படித்தான்மா. ஒருத்தர் டைபாய்டு. ஒருத்தர் கர்ப்பப்பை ஆபரேஷன். போன வாரம் ஒரு அம்மா, பையன் துபாய் போயிருக்கான்னு சொல்லி வெச்சிருக்காங்க. இங்க ரெண்டாவது மாடில இருக்கான். அவனுக்கு அரபில நாலு வார்த்தை சொல்லிக் குடுங்கன்னு எங்கிட்ட கேக்கறாங்க."

பிறகு மேசைக்குள்ளிருந்து ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்தார். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017. இருபத்தொன்றாம் பிரிவில் விரலை வைத்தார். உடல் நோய்க்கு எந்த அடிப்படையில் காப்பீடு தருகிறார்களோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் தர வேண்டும். இரண்டு பக்கம் தள்ளி இருபத்து மூன்றைக் காட்டினார். ஒருவருடைய மனநோய் பற்றிய விவரம் அவருக்கே உரியது. காப்பாற்றப்பட வேண்டியது.

"மொதல் பிரிவு உனக்குக் காசு வாங்கித் தரும். ரெண்டாவது, உன் வாயைத் தவிர எல்லார் வாயையும் பூட்டுது. நான் சொல்லக் கூடாது. அந்த லாரன்ஸ் சொல்லக் கூடாது. உங்க நைனாகூட உன்னக் கேக்காம சொல்லக் கூடாது. சொல்லணும்னா நீதான் சொல்லணும்."

அந்தப் புத்தகத்தைப் பேருந்தில் படித்துக்கொண்டே வந்தேன். சட்டம் இவ்வளவு எளிமையாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. வேதியியலைவிட எளிது.

காப்பீட்டு நிறுவனத்துக்குக் கடிதத்தை நான்தான் எழுதினேன். ஒன்றரைப் பக்கம். நோயின் பெயர், தேதி, சேர்த்த மணி, வெளியே வந்த மணி. மனநோயை வெளியே சொல்ல வெட்கப்பட்டுக் காமாலை என்று எழுதியது எங்கள் தவறு. நோயும் சிகிச்சையும் பில்லும் உண்மை. பிலிருபின் 0.7 என்பது எங்களுக்கு எதிரான சான்று இல்லை. மருத்துவமனை சரியான நோய்க்குத்தான் சிகிச்சை தந்தது என்பதற்கான சான்று. பிறகு இருபத்தொன்றாம் பிரிவு. கவுன்சலிங் ஆறு முறைக்கும் பணம் கேட்டிருந்தேன்.

அப்பா அதை மூன்று முறை படித்தார். அவர் மெதுவாகப் படிப்பார்.

"நீயா எழுதன?"

"ம்."

"வக்கீலு எழுதன மாதிரி கீது."

கையெழுத்துப் போட்டார். ஒரு நகலை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். கம்பெனிக்கும் கொண்டுபோனார், திரும்பக் கொண்டுவந்தார். யாரிடமாவது காட்ட வேண்டும் போல இருந்திருக்கும். காட்ட முடியாத கடிதம். ஒரு வாரத்தில் மடிப்பு கிழிந்துவிட்டது. அம்மா டேப் போட்டு ஒட்டிக் கொடுத்தாள்.

பத்தாவது நாள் லாரன்ஸ் எனக்குப் போன் செய்தார். மரியாதையாகப் பேசினார்.

"மேடம், உங்க லெட்டர் மேலிடத்துல படிச்சாங்க. கேஸை மறுபடி எடுக்கச் சொல்லிட்டாங்க. ஒரே சிக்கல்தான். மண்ணாங்கட்டின்னு ஒருத்தர் காமாலையைக் கண்ணால பாத்தேன்னு எழுதிக் குடுத்திருக்காரு. அவர் அதை மறுத்து எழுதிக் குடுத்துட்டா முடிஞ்சது. ஆனா ஏன் மறுக்கணும்னு அவர்கிட்ட நான் சொல்ல முடியாது. வர்ற ஞாயித்துக்கிழமை வரேன்."

மாமா கடலிலிருந்து திரும்பும் ஞாயிறு சாயங்காலம், லாரன்ஸ் வரும் முன், அவரை வீட்டுக்கு அழைத்து, கதவைச் சாத்திவிட்டு, மெதுவாகச் சொல்வது என்று முடிவு செய்தோம். நான்தான் சொல்வேன் என்றேன். அப்பா ஏதோ சொல்ல வந்தார். பிறகு, "சரிம்மா. உன் விசயம்," என்றார்.

லாரன்ஸ் காலை எட்டரைக்கே வந்துவிட்டார். வீடு பூட்டியிருக்க, கேட்டுக்கொண்டு நேராக மார்க்கெட்டுக்கு வந்தார். ஞாயிறு காலை. அம்மாவின் மேடைக்கு முன்னால் கூட்டம். நான் செதில் தேய்த்துக்கொண்டிருந்தேன். அப்பா மீன் கணக்கைக் கூட்டிக்கொண்டிருந்தார். மாமா அப்போதுதான் கடலிலிருந்து வந்து ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார்.

லாரன்ஸ் அவருக்கு வணக்கம் சொல்லிப் பழைய தாளைக் காட்டினார். "இது நீங்க எழுதினது. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நீங்க கண்ணால பாத்தீங்களா?"

மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாயா, காசு குடுக்க மனசில்லாம சுத்தல்ல வுடறியா? பாத்தேன். மஞ்சளா இருந்திச்சி. கண்ணு, நகம், எல்லாம்."

"நானும் பாத்தேன்," என்றாள் பக்கத்து மேடைக்காரி. அவளும் பார்க்கவில்லை.

"கீழாநெல்லி அரைச்சிக் குடுத்தவ நானு," என்று கீழ் வீட்டு அக்கா கூடையோடு முன்னால் வந்தாள். "பொய்யா சொல்றோம்? எங்க குப்பத்துப் பொண்ணு. படிச்ச பொண்ணு. அது பொய் சொல்லுமா?"

"அப்படி இல்லீங்க," என்றார் லாரன்ஸ்.

"எப்படி இல்ல?" மாமா எழுந்து அவருடைய பைக் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். "காசு குடுக்கறேன்னு எழுதிக் குடுத்துட்டு வண்டிய எட்த்துக்கினு போ."

சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். எல்லோரும் எனக்காகச் சண்டை போட்டார்கள். ஒவ்வொருவர் சொல்லும் காமாலையும் அந்தப் பணத்தை இன்னும் கொஞ்சம் தூரம் தள்ளியது. லாரன்ஸ் என்னைப் பார்த்தார். பேனாவை மூடினார்.

"சரிங்க. சாவியக் குடுங்க. முன்ன எழுதினதே இருக்கட்டும். நான் போறேன்."

அவர் போனால் கோப்பை மூடிவிடுவார்கள். சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு சொல்வதில் பயன் இல்லை.

"மச்சான்," என்றார் அப்பா. "அது வந்து..." அதற்கு மேல் வரவில்லை. சட்டைப் பையின் மேல் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அவர் வாயைத் திறந்தபடி, என்னிடம் அனுமதி கேட்பது போல நின்றார். நான் இல்லை என்று தலையசைத்தேன். கையைக் கழுவினேன்.

"மாமா," என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

அம்மா கத்தியைத் தூக்கிக் கட்டையில் ஓங்கி ஒரு போடு போட்டாள். வஞ்சிரத்தின் தலை தனியாக விழுந்தது. லூப் ரோட்டில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு விலை சொல்லும் குரல் அவளுடையது.

"கம்முனு இருங்க எல்லாரும். எம் பொண்ணு பேசுது."

மார்க்கெட்டில் அந்தப் பக்கம் முழுவதும் அடங்கியது. அம்மா நெஞ்சை நிமிர்த்தி, ஏலத்துக்கு மீன் வைத்தவள் போல, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அப்பா அந்த ஒட்டுப் போட்ட கடிதத்தைப் பையிலிருந்து வெளியே எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். எல்லோரும் பார்க்கும்படி.

நான் தலை நிமிர்ந்து மாமாவைப் பார்த்தேன்.

"எனக்குக் காமாலை வரல மாமா. மனசுல நோயி வந்திச்சி. பதினொரு நாளு அடையார்ல மனநல ஆஸ்பத்திரில இருந்தேன்."